உல்சானில் தோண்டிய வயல்

ஃபுஜைரா, ஐக்கிய அரபு அமீரகம்

அன்புள்ள வருண் அண்ணாவுக்கு,

உன் டிபார்ட்மெண்ட் ஃபேக்ஸில் இது வந்ததும் எடுத்து ஒளித்துவிடு. யாரிடமும் காட்டாதே, உன் ரூமில் இருக்கும் அருள்ராஜிடம்கூடக் காட்டாதே, அவன் அப்பாவும் நம் அப்பாவும் ஒரே கம்பெனி. கொரியாவில், அந்த உல்சான் ஊரில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. அதனால் அம்மா சொல்லச்சொன்னதை நான் பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கப்பல் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு அங்கே பழங்காலத்து நெல்வயல் தோண்டுவது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு நீ சொன்னபடியே களிமண்ணில் செய்தேன், ஓடையை மறித்து வாய்க்கால், நிஜத்திலேயே பாய் அளவுதான் இருந்தது என்றாயே, அந்தக் குட்டிக் குட்டி வயல், வரப்பு, கதிர் அறுக்கும் கல் கத்தி. சேற்றில் நீ நிற்கும் போட்டோவையும் ஒட்டினேன், அப்பாதான் ஸ்கூல் பக்கமே வரமாட்டாரே. அன்றைக்குப் பார்த்து வந்தார். மிஸ் அவரிடம், "உங்க பையன் இரும்பே வராத காலத்து வயலைத் தோண்டறாராமே, பெருமையா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே மாடலைக் காரில் ஏற்றினார். வீட்டுக்கு வந்ததும் அதை அம்மா தலையில் போட்டு உடைத்தார். "உனக்கு முன்னாடியே தெரியும்ல? சேத்துல எறங்கக் கூடாதுன்னுதானேடி நான் இந்த ஊருக்கே வந்தேன்" என்று கத்தி, அம்மா கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னார், அம்மாவும் அப்படியே சொன்னாள்.

நாளைக்கு உனக்குப் போன் செய்து, அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக், உடனே புறப்படு என்பார். நம்பாதே. லேபர் கேம்ப்பில் தங்கும் கம்பெனித் தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டை ஆபீஸ் பீரோவில் பூட்டி வைப்பாரே, எங்கள் இருவருடையதும் இப்போது அங்கேதான். "வரட்டும், அவனோடதும் உள்ள போச்சுன்னா கலாஸ், கதை முடிஞ்சுது. அப்பறம் எந்த வயலைத் தோண்டறான்னு பாப்போம்" என்று அம்மா முகத்துக்கு நேரே சொன்னார்.

செத்துவிட்டேன் என்று சொன்னாலும் வரக்கூடாது, படிப்பை முடி, சேற்றில் நின்ற காலை வெந்நீரில் கழுவு, வேளைக்குச் சாப்பிடு என்று அம்மா சொல்கிறாள். "கல்லுக் கத்தியால நெல்லறுத்தவன் பொண்டாட்டிய அடிச்சிருப்பானாடி? அண்ணனைக் கேளு" என்று சிரிக்கப் பார்த்தாள், கிழிந்த உதடு சிரிக்க விடவில்லை. எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். கீழே டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கும் உம்மு ஹானி அக்கா காலையில் இதை அனுப்புவார். பதிலும் அங்கேயே அனுப்பு, வீட்டுக்குப் போன் மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். "சம்யுக்தா, உள்ள என்னடி பண்ற?" அப்பாதான். அண்ணா, நீ வரா