வரச் சொல்லி எழுத மாட்டேன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அக்கா, அவள் பெற்ற வாலு எல்லாரும் சுகம், நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்து வேலை நிரந்தரமாகிவிட்டது. என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, நின்றே செய்கிற தொழில், என்ன செய்ய.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் சலூனுக்கு ஏஜெண்டு வந்தான், நீ பங்குச் சாமியாராக இருக்கிற நாட்டின் கல்குவாரிக்கு இங்கிருந்து ஆள் அனுப்புகிறவன்தான். நுரை போட்டு ஒரு கன்னம் மழித்து முடித்ததும் பேச்சை எடுத்தான். உங்க மகன் அங்க பூசை வைக்கப் போனாரா, கேஸ் போடப் போனாரா, கோர்ட்ல அந்தக் குவாரி ஆளுங்களுக்காக சாட்சி சொன்னார்னா அவருக்கு ஜெயில்தான், மரியாதையா ஊர் வந்து சேரச் சொல்லி எழுதுங்க என்றான். நான் கத்தியைக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்து மெலிந்த ஆள் ஒருவன், இடது கையில் இரண்டு விரல் இல்லை, மனைவியோடு உள்ளே வந்து, ஃபாதரோட அப்பா நீங்கதானே, ஊர் திரும்பினதும் முதல்ல உங்களைப் பாக்கணும்னு வந்தோம் என்று கும்பிட்டவன், கண்ணாடியில் ஏஜெண்டின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றான். பிறகு பேசினான் பார், கடையே கேட்டது. இந்த ஆள்தாங்க எங்களை அனுப்புனாரு, போன அன்னைக்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டாங்க, வேலை முடிஞ்சதும் கொட்டகையில போட்டு வெளிய பூட்டிருவாங்க, என் கை நசுங்கினப்பகூட ஆஸ்பத்திரிக்கு விடல, ஃபாதர்தான் குவாரி கேட்டுக்கு முன்னால உக்காந்துட்டாரு, போலீஸ் இழுத்துக்கிட்டுப் போச்சு, விட்டதும் நேரா அங்கயே வந்து மறுபடி உக்காந்தாரு, எங்க கொட்டகைப் பூட்டைத் திறந்தப்புறம்தான் எந்திரிச்சாரு, மத்த கொட்டகைங்க இன்னும் பூட்டித்தான் கிடக்கு என்றான். என்னிடம் தொண்டை கட்டியிருந்தது, அதான் போன் எடுக்கவில்லை என்றாயே, திருட்டுப் பயலே, இதுதானா அது. ஏஜெண்டு துண்டை உதறி எழுந்தான். உக்காருங்க, இன்னொரு கன்னம் பாக்கி இருக்கு என்றேன், காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், நுரையோடே தெருவில் இறங்கிப் போனான். மறுநாள் அந்த விரல் போன பிள்ளையும் அவனோடு திரும்பி வந்தவர்களும் ஏஜெண்டுமேல் போலீசில் புகார் கொடுத்தார்கள். துணைக்கு நானும் போனேன், இன்ஸ்பெக்டர் முதலில் முறைத்தார், அந்தக் கையைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார்.

அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், அவன் வந்தா எனக்கு வேற என்ன வேணும், ஆனா வான்னு நீங்க எழுதாதீங்க, அங்க இன்னும் பூட்டுக்குள்ள ஆள் இருக்குல்ல என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அதனால் வா என்று நான் எழுதவில்லை. கோர்ட்டில் நிமிர்ந்து நின்று பார்த்ததைச் சொல், நீ ஜெயிப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊருக்கெல்லாம் நீ ஃபாதர் என்றாலும் உனக்கு நான்தான் ஃபாதர், அந்த உரிமையில் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன், கடவுள் உன்னை விட்டு நகர மாட்டார். மறக்காமல் கோர்ட்டுக்குப் போகும்முன் முடி வெட்டிக்கொள், போன போட்டோவில் காதை மூடிக்கொண்டு கிடக்கிறது, இவனுக்குக் கேட்க ஆளில்லை என்று ஜட்ஜ் நினைத்துவிடக் கூடாது.

உன் அப்பா,
பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் சொல்கிற உன் அம்மாவும்.