சாய்பலகைக்கு ஐந்து கையெழுத்து

மார்ச் 9, திங்கள்

இது யார் கையில் கிடைத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். வகுப்பில் யாரிடமும் வேண்டவே வேண்டாம். தங்கை தூங்கிவிட்டாள்; போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

வடிவமைப்பு வகுப்பில் எங்கள் குழுவின் ஐந்து யோசனைகளில் என் சாய்பலகைக்குத்தான் முதலிடம். கை நடுங்குகிறவர்கள் கெட்டிலைத் தூக்க வேண்டாம், பலகைமேல் வைத்து அதோடு சாய்த்து வெந்நீர் ஊற்றலாம். பயன்படுத்திப் பார்த்த ஐந்து பேர் கொடுத்த மதிப்பெண்தான் அதை மேலே கொண்டுவந்தது என்றார் டீச்சர்.

அந்த ஐந்து பேரும் நான்தான்.

மார்ச் 10, செவ்வாய்

ஏன் செய்தேன்? தெரியாதவர்களிடம் போய்க் கேட்க எனக்கு வாயே வரவில்லை. இரண்டு கையிலும் இரட்டைச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நானே ஐந்து தடவை ஊற்றினேன். ஐந்து பேனா, ஐந்து கையெழுத்து. ஒரு படிவத்தில் மட்டும் பத்துக்கு ஏழு போட்டேன், நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று. அதை நினைத்தால்தான் அதிகமாகக் கூசுகிறது.

மார்ச் 12, வியாழன்

பட்டறை சார் எட்டுப் பலகை அறுத்துவிட்டார். திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகிறது.

மார்ச் 13, வெள்ளி

பெரியம்மா இரண்டு நாள் தங்க வந்திருக்கிறார். மூட்டுவலியில் அவருக்கு விரல் மடங்காது. மாதிரிப் பலகையை எடுத்து அவர் முன் வைத்தேன். வகுப்பு விதிப்படி பச்சைத் தண்ணீர். செய்கிறவரிடம் எதுவும் சொல்லக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும்.

நான் எப்போதும் பலகையின் பின்னாலிருக்கும் பிடியைப் பற்றித் தூக்குவேன். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முன்விளிம்பை உள்ளங்கையால் அழுத்தினார். கெட்டில் சறுக்கி, தண்ணீர் முழுவதும் அவர் மடியில்.

"கை வலிக்குதுன்னுதானே சொன்னேன், குளிப்பாட்டி விடச் சொன்னேனாடி?"

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை. சூடா இருந்திருந்தா? ஐயோ, சூடா இருந்திருந்தா?

சாக்ஸுக்குள் என் விரல் மடங்கியது. அவருக்கு மடங்காது. இது கூடவா எனக்குத் தோன்றவில்லை?

மார்ச் 14, சனி

யாருக்கும் சொல்லாமல் சரிசெய்துவிடலாமா? முன்னால் ஒரு தடுப்பு வைத்தேன். கெட்டில் சறுக்கவில்லை, தண்ணீரும் வரவில்லை. பெரியம்மா மறுபடி அதே இடத்தைத்தான் அழுத்தினார். சரி, அங்கேயே அழுத்தட்டும், அழுத்தினால் சாய்கிற மாதிரி செய்தால் என்ன? தடுப்பை எடுத்துவிட்டு, கெட்டில் சறுக்காமல் பலகையோடு சேர்த்து ஒரு பட்டை கட்டினேன். ஊற்றியது!

குழுத்தலைவிக்கு போன் செய்தேன். அவளை 'கலெக்டர்' என்றுதான் கூப்பிடுவோம். சின்ன மாற்றம் என்று தொடங்கியதுமே வெட்டிவிட்டாள். "எட்டையும் அறுத்தாச்சு. இப்ப வந்து குட்டையக் குழப்பாத."

மார்ச் 15, ஞாயிறு

தூக்கமில்லை.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வேன் வருவதற்கு முன்பே பெரியம்மாவிடம் வெள்ளியன்று வாங்கிய படிவத்தை டீச்சர் மேசையில் வைத்தேன். பத்துக்கு இரண்டு. படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அந்த அஞ்சு பேரு யாரு?"

"நான்" என்று மட்டும் வந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை. நேராகப் பட்டறைக்கு நடந்துபோய், எட்டையும் ஏற்ற வேண்டாம் என்று சொன்னார். கலெக்டர் என் பக்கத்திலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

மாலையில் பட்டை கட்டிய பலகையோடு பள்ளி வாட்ச்மேனிடம் போனேன். இந்தத் தடவை நானே வாய்விட்டுக் கேட்டேன். இரண்டு முறை ஊற்றிப் பார்த்தார். "பட்டை லூசா இருக்கு பாப்பா. நாலுக்கு மேல போட மாட்டேன்."

நாலு! அவரே எழுதிய நாலு. வழியெல்லாம் அந்தத் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன். பட்டையை இறுக்க வேண்டும். இன்னும் மூன்று பேரைக் கேட்க வேண்டும்.

இன்று வீட்டுக்குப் பேசுவதாக டீச்சர் சொல்லியிருந்தார். சற்று முன் கூடத்தில் போன் அடித்தது. அப்பா வெகுநேரம் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். இப்போது போனை வைத்துவிட்டார். நாலு போட்ட தாளை முதலில் காட்டட்டுமா, இல்லை அந்த ஐந்தை—

அப்பா கதவைத் தட்டுகிறா—