பதினோரு வீடு தூரம்

இராயபுரம்,
9-11-1971

போர்ட் பிளேரில் இருக்கும் என் கணவர் அம்புரோஸ் அவர்களுக்கு, மாதாவின் காவலில் இருந்துகொண்டு டோரதி எழுதுவது.

நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் அண்ணன் எனக்கு முந்திக்கொண்டு எழுதியிருப்பார். நான் அவர் கையை உடைத்துவிட்டேன் என்று எழுதியிருப்பார். அது உண்மைதான். மீதியையும் நீங்கள் படிக்க வேண்டும்.

ஆடி மாதம் நம் பிள்ளை அடைக்கலமேரியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தர் அங்கே இருக்கிறார். பிறக்கும்போது மூச்சு முட்டி மூளையில் ஓரிடம் கெட்டுப்போனதால்தான் இடது கையும் காலும் விறைத்துக்கொள்கின்றன, பேச்சும் குழறுகிறது, மற்றபடி நாம் பேசுவதெல்லாம் அவளுக்கு விளங்குகிறது என்றார். படுக்கப் போட்டால் இன்னும் முடங்கிவிடுவாள், தினம் நடக்க வேண்டும், அவள் வேலையை அவளே செய்ய வேண்டும், சிந்தினாலும் விழுந்தாலும் விட்டுவிடு என்றார். நான் வீட்டு நடையில் இரண்டு மூங்கிலை இடுப்பு உயரத்துக்குக் கட்டினேன். அவற்றைப் பிடித்துக்கொண்டு தினம் காலையில் இருபது தடவை போய் வருவாள். பத்து வயதில் முதல் தடவையாகத் தெருக்குழாய்க்கு ஒரு சின்ன சொம்போடு போனாள். பாதி தண்ணீர் பாவாடையில். பாதி வீடு வந்து சேர்ந்தது. அன்றைக்கு அந்தத் தண்ணீரில்தான் உலை வைத்தேன்.

உங்கள் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் மகள் ஆலிஸைப் பெண் பார்க்க நம் வீட்டுக்குத் திருவொற்றியூரிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. "மாப்ள வூட்டுக்காரன் வர்ற நேரத்துல இது தெருவுல இழுத்துக்கினு போவுது. எம் பொண்ண எவன் கட்டுவான்?" என்று என்னிடம் சத்தம் போட்டார். அவள் போவாள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

போன மாதக் கடைசி சனிக்கிழமை கொட்டகையில் உரிக்க இறால் வரவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் அண்ணன் பிள்ளையைக் கட்டில் காலில் வலைக்கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார். இடுப்பில் ஒரு கட்டு. நன்றாக இருக்கிற வலது கையில் ஒரு கட்டு. மூத்திரத்தில் கிடந்தாள். உதடு கிழிந்து முன்பல் ஒன்று போயிருந்தது. கத்தினாளாம், அதனால் அறைந்தாராம். அவர் நடையில் உட்கார்ந்து மூங்கிலைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவுக்காத. ரெண்டு நாளுதான? அதுக்கு இன்னா இப்போ?" என்றார். நான் அவிழ்த்தேன். வந்து பிள்ளையின் விலாவில் உதைத்தார். வெட்டிப் போட்டிருந்த மூங்கிலில் ஒன்றை எடுத்து முதலில் முழங்காலில் அடித்தேன். கத்தியை ஓங்கினார். அந்தக் கையில் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறமும் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. மற்றொரு கையால் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தார். என் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஆலிஸ் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அதே மூலையில் அப்படி நின்றிருக்கிறேன்.

பிள்ளை வெளியே போனது எனக்குத் தெரியாது. பிடித்துக்கொள்ள மூங்கில் இல்லை, என் கை இல்லை. குழாயைத் தாண்டி ரஹீமுன்னிசா அக்கா வீடு வரை போயிருக்கிறாள். நம் வீட்டிலிருந்து பதினோரு வீடு. வழியில் மூன்று தடவை விழுந்தாளாம். குழாயடியில் இருந்தவர்கள் தூக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டு எழுந்தாளாம். அக்கா வாசலில் நின்று "அம்மா, பெரிப்பா, அம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அக்கா உலக்கையோடு ஓடி வந்தார்கள். "வுட்றா அவள! மண்டய பொளந்துருவேன்!" என்று அவர்கள் போட்ட சத்தத்தில்தான் என் கழுத்து விடுபட்டது.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். பிள்ளையின் மணிக்கட்டில் கயிற்றுத் தடத்தைப் பார்த்துவிட்டு என் மேல் ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். உங்கள் அண்ணன் ஆலிஸோடு எண்ணூருக்குப் போய்விட்டார். பங்குச் சாமியார் என்னை மனம் வருந்தச் சொன்னார். வருத்தம் இன்னும் வரவில்லை சாமி என்றேன்.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. போகிறபோது உங்கள் அண்ணன் தெருவே கேட்கக் கத்தினார்: "எந்தம்பிதான்டி எழுதிக்கீறான், அத்த வெளிய வுடாதன்னு!" சட்டைப் பையிலிருந்து கடுதாசியை எடுத்து என் முகத்தில் எறிந்தார். உங்கள் கையெழுத்து. 'ஆலிஸ் காரியம் முடியும்வரை பிள்ளையை வெளியே விட வேண்டாம், டோரதி கேட்க மாட்டாள், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இருந்தது. கயிறு என்ற வார்த்தை அதில் இல்லை. இல்லை என்பதை நான்கு தடவை படித்து உறுதி செய்துகொண்டேன். ஆனால் உங்கள் அண்ணன் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அவர் கையில் நீங்கள் பட்டதை நீங்களே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறீர்கள்.

பிள்ளை இப்போது தானே சாப்பிடுகிறாள். சிந்துகிறது. ஆனால் தெருவில் ஆம்பிளைக் குரல் கேட்டால் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். நீங்கள் கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் அவள் சோறு சிந்தியதற்காக நீங்கள் கை நீட்டியதை அவள் மறக்கவில்லை.

வேறு மூங்கில் கட்டிவிட்டேன். குழாயடியில் அவளைப் போலவே நடந்து காட்டிச் சிரிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவள் சொம்பு நிறையும்வரை வரிசையை நிறுத்திவைக்கிற பெண்களும் இருக்கிறார்கள். தை பிறந்தால் கன்னியர் பள்ளியில் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறேன் என்று மதர் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள். வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கதவைத் தட்டிவிட்டு நில்லுங்கள். இப்போது தாழ்ப்பாளை அவள்தான் திறக்கிறாள். விரல் மடங்கி அதைப் பிடிக்க நேரமாகும். எத்தனை நேரமானாலும் கதவைத் தள்ளாதீர்கள். அவள் அதன் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பாள்.

கர்த்தர் உங்கள் கைகளைக் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
டோரதி