முதுகு காட்டாத பெஞ்சு

மார்ச் 4

அன்புள்ள வாண்டுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்கு இப்போது வேறொரு மனைவி இருப்பதால் அந்தப் பதவி எனக்கு இன்னும் செல்லுமா என்று தெரியவில்லை. நீ விடாமல் அண்ணி என்றே கூப்பிடுகிறாய். நானும் திருப்பித் தராமல் வைத்திருக்கிறேன். என் கல்யாணத்தில் பள்ளிக்கூடப் பையோடு ஓடித் திரிந்தவளுக்கு வைத்த பெயர் வாண்டு. தலை நரைத்து, தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எங்கள் ஊர் ஆற்றங்கரையையே வரைகிற அதிகாரியாகிவிட்டாய் என்பதற்காக அதை மாற்ற முடியாது.

ஏன் போனில் பேசவில்லை என்று கேட்பாய். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில்தான் ஒருத்தி முடிக்கும்வரை இன்னொருத்தி காத்திருந்தாக வேண்டும்.

முதல் செய்தி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளராகிவிட்டேன். கூட்டத்தின் நடுவே அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஏகமனதான தேர்வாம். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

இரண்டாவது செய்தி உன் கைவேலை. எங்கள் கட்டிடத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த பழைய சரக்குக் கிடங்குகளை இடித்தாயிற்று. உன் நடைபாதை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து எங்கள் பின்மதிலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டிடத்துக்கும் அந்த மதிலுக்கும் நடுவே இருக்கிற துண்டு நிலம் ஊருக்குச் சொந்தமானது என்று நோட்டீஸ் வந்தபோது, அப்போதுதான் தெரிந்ததுபோல எல்லோரும் அதிர்ச்சியடைந்தோம். இத்தனை காலம் அதில் துணி காயப்போட்டோம், உடைந்த கட்டில்களைப் போட்டோம். எனக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி கத்தரிச்செடியே போட்டார்.

வாண்டு, பாதையை எங்கள் இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைத்து முன்பக்கத் தெரு வழியாக விடேன். உனக்கு அது ஒரு பென்சில் கோடு. எனக்குச் சமையலறை ஜன்னல். நான் தரைத்தளம் என்பதை மறக்காதே. ஜன்னலோரம்தான் சாப்பாட்டு மேஜை. பிரிந்தபோது உன் அண்ணன் காரையும் சோபாவையும் எடுத்துக்கொண்டார், நான் அந்த ஜன்னலைக் கேட்டேன். ஊர் பார்க்க ஒருத்தி ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்.

சரி, அதை விடு. பாத்திரம் கழுவாமல் போட்டிருப்பேன், அது வெளியே தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்புடன்,
அண்ணி (தற்காலிகம்)


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

தற்காலிகம் எல்லாம் கிடையாது. அண்ணன் தன் மனைவியை மாற்றிக்கொள்ளலாம். என் அண்ணியை மாற்ற அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

செயலாளர் பதவிக்கு வாழ்த்துகள். இனிமேல் கூட்டம் முடியும்வரை அடுப்பு எரிந்தாலும் எழுந்திருக்காதீர்கள்.

பாதையை வளைக்க முடியாது அண்ணி. ஆற்றோரம் ஓரிடத்தில் அறுந்தால் போதும், நடக்கிறவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அடுத்த கட்டிடக்காரர் "அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்று வந்து நிற்பார். கொஞ்ச வருடத்தில் கரை முழுக்க மறுபடி மதிலாகிவிடும். கிடங்குகள் அப்படித்தான் ஒவ்வொன்றாக முளைத்தன. போன வருடம் அளக்க வந்தபோது, உங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டேன். பாதி வகுப்பு ஒரு திசையைக் காட்டியது, பாதி இன்னொரு திசையை. ஒரு குழந்தை தண்ணீர்க் குழாயைக் காட்டியது.

பழைய பாரந்தூக்கி ஒன்றையும், படகு கட்டிய கற்களையும், பெரிய மரங்களையும் தொடாமல் வைக்கிறோம். உங்கள் மதிலுக்குப் பின்னால் தண்ணீரில் இறங்கும் கல்படிகளும் இருக்கும். கணக்கு அதிகாரியின் கத்தரிக்காய்க்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

அந்த ஜன்னல் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அளக்க வந்த அன்று மதியம் அந்த மேஜையில்தான் சாப்பிட்டேன். தெரிந்தேதான் வரைந்தேன். கோபப்படுவதானால் என்மேல் படுங்கள், பாதையின்மேல் வேண்டாம்.

உங்கள்,
வாண்டு


மார்ச் 22

வாண்டுக்கு,

"தெரிந்தேதான்." உன் அண்ணனும் கடைசியில் இதே வார்த்தையைத்தான் சொன்னார். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நேர்மை அதிகம். தெரிந்தே செய்வீர்கள், செய்ததைச் சொல்லியும் விடுவீர்கள்.

என் மேஜையில் சாப்பிட்டு, என் தட்டில் கை கழுவி, பைக்குள் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தாய். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று நான் வேறு கெஞ்சினேன்.

சங்கத்தின் ஆட்சேபணையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கோரிக்கை சொன்னார்கள், கணக்கு அதிகாரி டைப் செய்து நீட்டினார். என் மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது. பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் நான் ஆதரிக்கிறேன், என்ன எழுதியிருந்தாலும் சரி.

இனிமேல் அண்ணி என்று எழுத வேண்டாம். ஓர் அதிகாரி ஒரு செயலாளருக்கு எப்படி எழுதுவாரோ அப்படி எழுதினால் போதும்.

செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்


ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

பொருள்: ஆற்றங்கரைப் பொதுப்பாதை – தங்கள் சங்கத்தின் ஆட்சேபணை தொடர்பாக.

தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. பாதையைத் தெரு வழியாகத் திருப்புதல், கட்டிடத்துக்குப் பின்னால் பெஞ்சுகளைத் தவிர்த்தல், வெளியாட்கள் ஜன்னல்களைப் பார்க்காதிருக்க அறிவிப்புப் பலகை வைத்தல், கத்தரிச்செடிகளுக்கு இழப்பீடு வழங்குதல் ஆகிய கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை. பின்மதில் அடுத்த மாதம் அகற்றப்படும்.

"பொதுமக்கள் எங்கள் கட்டிடத்துக்கு முதுகு காட்டி அமரக்கூடாது, அது இங்கு வசிப்போரை அவமதிப்பதாகும்" என்ற ஐந்தாவது கோரிக்கை மட்டும் ஏற்கப்பட்டு, அதன்படி பெஞ்சுகளை அமைக்க ஒப்பந்ததாரர் அறிவுறுத்தப்பட்டுள்ளார்.

இப்படிக்கு,
முதன்மை வடிவமைப்பாளர்,
ஆற்றங்கரைப் பிரிவு


ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

இது அலுவலகக் கடிதம்தான். நடுவில் வழி தவறினால் மன்னிக்கவும்.

ஐந்தாவது கோரிக்கை நிறைவேறியது. எங்கள் பின்பக்கம் ஐந்து பெஞ்சுகள், ஐந்தும் எங்களைப் பார்த்தபடி. ஆறு உட்காருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஊர் மக்கள் ஆற்றைப் பார்க்க வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதை எழுதியது யார் என்று சங்கத்தில் பெரிய ரகளை. கணக்கு அதிகாரி விட்டத்தைப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் என் கையெழுத்தைப் பார்த்தார்கள். இப்போது அவர் தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் பால்கனிக்கு வந்து மந்திரி மாதிரி கையசைக்கிறார். கீழே இருப்பவர்களும் பதிலுக்குக் கையசைக்கிறார்கள். மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

நான் திரை போட்டேன். ஜன்னலை மூடி, ஹாலில் நின்றுகொண்டே சாப்பிட்டேன், வேலைக்கு வந்த வீட்டில் திருடித் தின்கிறவள் மாதிரி. பிறகு ஒருநாள் புழுக்கம் தாங்காமல் திரையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு எங்கேயோ பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே குரலாக, "அக்கா, பால் பொங்குது."

"பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றேன்.

"பாத்திருந்தா அடுப்ப அணைச்சிருப்பீங்களே" என்றார் ஒருவர். பஸ் டிரைவராம். பக்கத்தில் ஒரு நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நர்ஸ் தினமும் ஒரு மணிக்கு டப்பாவோடு வருவாள், தனியாக. மறுநாளும் வந்தாள். திரையைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டே தட்டோடு நின்றேன். அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கும் உருளைக்கிழங்குதான்க்கா" என்றாள். நான் தட்டைச் சாய்த்துக் காட்டினேன். என்னுடையதும் அதுதான். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் உன் பாதை. நீளமான மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி இருந்தது. நடுவில் யாராவது சைக்கிளில் போனால் பேச்சு கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான்.

இப்போது டிரைவரும் வருகிறார், துணிக்கடையில் நிற்கிற இரண்டு பெண்களும் வருகிறார்கள். நான் உட்காரத் தாமதமானால், "ஏன்க்கா, சாப்பாடு ஆகலையா, கோவமா?" என்று கேட்கிறார்கள். கோபமாக இருக்கிறேனா என்று என்னிடம் ஒருவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? ஒரு மணி ஆனால் தலை வாரிக்கொண்டு உட்காருகிறேன். பாத்திரங்களைக்கூடக் கழுவிவிடுகிறேன், நம்பினால் நம்பு.

நேற்று ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்தார்கள். புகார் போயிருக்கிறதாம், அடுத்த வாரம் எல்லா பெஞ்சையும் ஆற்றுப் பக்கம் திருப்பப்போகிறார்களாம். நியாயம்தான். ஆற்றைப் பார்க்கத்தானே வருகிறார்கள். மூன்று தெரு தள்ளியிருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் குழாயைக் காட்டவில்லை. நீ வளைக்காமல் விட்டது சரி. இதை எழுத எனக்கு இரண்டு தாள் வீணாயிற்று.

என் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற பெஞ்சை மட்டும் திருப்பாமல் விட முடியுமா? சங்கம் தீர்மானம் எதுவும் போடவில்லை. இதைக் கேட்பது செயலாளரும் இல்லை. கேட்பது யார் என்று நீயே போட்டுக்கொள். என்ன போடுவது என்று எனக்குத் தெரியாததால் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்து இல்லாத கடிதத்தைப் பதிவுசெய்ய முடியாது என்று எங்கள் அலுவலக எழுத்தர் பிடிவாதம் பிடித்தார். இது வீட்டுக் கடிதம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். விட்டிருந்த இடத்தில் நானே எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்பது இந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது.

உங்கள் ஐந்தாவது கோரிக்கையை மூன்று முறை படித்தேன். உண்மையாகவே இப்படி வேண்டுமா என்று விளக்கம் கேட்டிருக்க வேண்டியது அதிகாரியின் கடமை. ஆனால் கீழே உங்கள் கையெழுத்து இருந்தது, எனக்கும் கோபம் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். எங்கள் குடும்பத்து வழக்கம். நீங்கள் ஹாலில் நின்றுகொண்டு சாப்பிட்டதாக எழுதிய வரியை மட்டும் என்னால் இரண்டாவது முறை படிக்க முடியவில்லை அண்ணி.

நான்கு பெஞ்சுகள் ஆற்றைப் பார்க்கும். உங்களுடையது அப்படியே இருக்கும். கோப்பில் காரணம் கேட்டிருந்த இடத்தில் "இங்கே சாப்பிடுகிறார்கள்" என்று எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை மதியம் பாதையைப் பார்வையிட வருகிறேன். வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம். நீங்கள் உங்கள் இடத்திலேயே உட்காருங்கள், நான் டப்பா கொண்டுவருகிறேன். நர்ஸம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள்,
வாண்டு