பாலத்தில் நிற்கும் காதர்

சனிக்கிழமை, இரவு

சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் காதரும் நானும் சேர்ந்து கணினியில் எழுதும் குற்றால கேமில், இன்று அவருடைய பொம்மை மட்டும் என் திரையில் தெரியவில்லை. அவர் போனில் இருக்கும்போதே பொம்மையின் பெயரையும் அது நிற்கும் இடத்தையும் காட்டச் சொல்லி, கமா போட்டு ஒரே பிரிண்ட் வரி கொடுத்தேன். “காதர் பாலம்” என்று வந்தது.

“ஏங்க, பாலத்துல நிக்கதா வருது. ஆளக் காணோமே.”

“இங்கனதான் நிக்கேன் ஏட்டி, நல்லாப் பாரு.”

படக்கோப்பின் பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தது. திருத்தியதும் தெரிந்தார். “இனி அந்த வரிய எடுத்துரு,” என்றார். எடுக்க மனம் வரவில்லை.

“சீசனுக்காவது வருவீங்களா?”

“லீவு கேட்டிருக்கேன்.”

வெளியே சாரல். அவருக்கும் கேட்கட்டும் என்று போனை ஜன்னலோரம் பிடித்தேன்.