செவித்திறன்: இயல்பு

மார்ச் 4

டாக்டரம்மாவுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. போன வருஷம் முதியோர் இல்லத்தின் இரண்டாவது மாடியில், சன்னலோரக் கட்டிலில் இருந்த பேருந்து ஓட்டுநருக்கு ஒயர்கள் தொங்கும் ஒரு தொப்பியை மாட்டிவிட்டீர்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள் நான். அவருக்குப் பதிலாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

உங்கள் கட்டுரை ஆய்விதழில் வந்துவிட்டது என்று இல்லத்து நிர்வாகி சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னது நல்ல சேதியாக இல்லை. "இனிமே மதியம் வர வேண்டாம்மா. சாயங்காலம் நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் வந்து பாத்துட்டுப் போங்க. இந்த நிலைமைல இருக்கறவங்களுக்கு வீட்டு ஆளுங்க குரலும் ஒண்ணுதான், வெளி ஆளுங்க குரலும் ஒண்ணுதான், ரெண்டுமே உள்ள போறதில்லன்னு டாக்டரே எழுதிட்டாங்க" என்றார். நான் நம்பாமல் நின்றேன். அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

நான் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷம் மெய்ப்புத் திருத்தியவள். எழுத்து கையில் சிக்கினால் விட மாட்டேன். மருத்துவச் சொற்களுக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நாளில் முடித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. ஆனால் நான்காம் பக்கத்து அட்டவணையில் இருபத்து மூன்றாம் எண் இப்படி இருக்கிறது: "ஆண், 76, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். செவித்திறன்: இயல்பு. மனைவியின் குரலுக்கு எதிர்வினை: இல்லை."

டாக்டரம்மா, அவருக்கு இடது காது கேட்காது. துளிகூடக் கேட்காது. அவர் ஓட்டிய வண்டிகளில் எஞ்சின் ஓட்டுநருக்கு இடப்பக்கம், ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். முப்பத்து மூன்று வருஷம் அது அந்தக் காதில் உறுமியிருக்கிறது. சண்டை போட வேண்டுமானால்கூட நான் வலப்பக்கம் வந்து நின்றுதான் போடுவேன். என் திட்டு ஜாஸ்தியானால் மனுஷர் நைசாக இடது காதை என் பக்கம் திருப்பிக்கொள்வார்.

நீங்கள் என்னை உட்கார வைத்தது இடப்பக்கம். "நான் அந்தப் பக்கம் மாறி உட்காரட்டுமா?" என்று கேட்டேன். "அங்க மெஷின் இருக்கும்மா, இங்கயே இருங்க" என்றீர்கள். குற்றம் சொல்லவில்லை. அன்று காலையிலிருந்து நீங்கள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் நான் ஊட்டிக்கொண்டிருந்த மதியச் சாப்பாட்டை இப்போது பணிப்பெண்கள் ஊட்டுகிறார்கள். அவர்கள் அவசரம் அவர்களுக்கு. எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம் நிற்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஸ்பூன் முகத்துக்கு முன்னால் வந்தால் யார்தான் வாயைத் திறப்பார்கள்? இந்த ஐந்து வாரத்தில் நாலு கிலோ இளைத்துவிட்டார்.

இரண்டு வரி பதில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
இருபத்து மூன்றாம் எண்ணின் மனைவி


மார்ச் 13

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். ஆய்வில் பங்கேற்றவர்களின் அடையாளத்தை உறுதிசெய்யவோ மறுக்கவோ எங்களுக்கு அனுமதி இல்லை. அட்டவணையில் உள்ள விவரங்கள் இல்லத்தின் பதிவேடுகளிலிருந்து பெறப்பட்டவை. கட்டுரையின் முடிவுகள் அறுபத்தொரு பேரின் சராசரியைக் குறிப்பவை. தனி ஒருவரைப் பற்றியவை அல்ல. வருகை நேரம் இல்லத்தின் நிர்வாக முடிவு.

தங்கள் கணவரின் நலம் விழையும்,
ஆய்வாளர்,
நரம்பியல் மற்றும் முதியோர் மருத்துவத் துறை


மார்ச் 17

டாக்டரம்மாவுக்கு,

பதில் வந்தது. நல்ல தாளில், முத்திரையோடு, ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. அதில் நீங்கள்தான் இல்லை.

சராசரி என்கிறீர்கள். சரி, என் வீட்டுக்காரரை விட்டுவிடுகிறேன். நான்காம் பக்கத்தை மறுபடி எடுத்து, விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினேன். ஒன்று முதல் அறுபத்தொன்று வரை அத்தனை பேருக்கும் "செவித்திறன்: இயல்பு". ஒருவர் பாக்கியில்லை. எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டியவர்கள் பதினொரு பேர் இருக்கிறோம். அதில் நாலு பேரை நலம் விசாரித்தால் அடுத்த தெருவே பதில் சொல்லும்.

அச்சகத்தில் அட்டவணையின் ஒரு பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல் வந்தால் நாங்கள் பேனாவை எடுத்துவிடுவோம். எழுதியவர் முதல் வரியில் யோசித்திருப்பார், மற்றதை அப்படியே இழுத்துவிட்டிருப்பார். யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள்? இதை மட்டும் பாருங்கள்.

நேற்று நாலு மணிக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. அவர் கண் திறந்தபோது "மணி அஞ்சாச்சும்மா" என்றார்கள். வந்துவிட்டேன்.

ஓட்டுநரின் மனைவி


ஏப்ரல் 10

அன்புள்ள அம்மா,

முதல் பதிலுக்கு என்னை மன்னியுங்கள். அது எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் போகிற வாசகம். தேதியை மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் வெளிப்படையாகப் பேச இப்போது முறைப்படி அனுமதி வாங்கிவிட்டேன்.

யாருமே அளக்கவில்லை, அம்மா. இல்லத்தில் சேரும்போது நிரப்புகிற படிவத்தில் "செவி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் கூட வந்தவர் யாராவது பதில் சொல்லிவிட்டால் "இயல்பு" என்று குறித்துவிடுவார்களாம். அதை நாங்கள் அப்படியே இறக்கிக்கொண்டோம். பதினான்கு வருஷமாக மூளையைப் படிக்கிறேன். ஒலி மூளைக்குப் போகிற வழியில் காது என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றாமல் போயிருக்கிறது.

போன வியாழக்கிழமை உங்கள் கணவரைப் பார்க்கப் போனேன். தொப்பி, மெஷின் ஒன்றும் கொண்டுபோகவில்லை. முதலில் அதே நாற்காலியில், இடப்பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டேன். சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து சுற்றி வந்து, வலப்பக்கம் குனிந்து "ஐயா" என்றேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

துறைத் தலைவரிடம் சொன்னேன். கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. "ஒரு காதுக்காக ஒரு கட்டுரையவே கலைப்பியாம்மா?" என்றார். "ஒரு காது இல்ல சார், நூத்தி இருபத்திரண்டு காது" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இருக்கிற எல்லாருக்கும் செவியை அளந்துவிட்டு, சோதனையை முதலிலிருந்து செய்யப்போகிறேன். இரண்டு மாதம் ஆகும். அதுவரை மதியம் உங்களை விடச் சொல்லி நிர்வாகிக்கு எழுதினேன். "புதுக் கட்டுரை வரட்டும், பார்க்கலாம்" என்று பதில் வந்தது. பணிப்பெண்களிடம் மட்டும் நேரில் போய், வலப்பக்கம் நின்று, சொல்லிவிட்டு ஊட்டும்படி கேட்டுக்கொண்டேன். செய்கிறார்களா என்று நாலு மணிக்குப் போகும்போது விசாரித்து எழுதுங்கள்.

உங்கள்,
டாக்டர்


ஏப்ரல் 15

அன்பான டாக்டரம்மாவுக்கு,

செய்கிறார்கள். ஒருத்தி நன்றாகச் செய்கிறாள், இன்னொருத்தி ஞாபகம் வந்தால் செய்கிறாள். அரைக் கிலோ ஏறியிருக்கிறார். அரைக் கிலோவைக் கடிதத்தில் எழுதுகிறேன் பாருங்கள், அவ்வளவு சந்தோஷம்.

சோதனைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருவேன். ஆனால் ஒன்று. நான் அவரை ஏன் இல்லத்தில் விட்டேன் என்று நீங்கள் கேட்டதில்லை. ஒருநாள் காலையில் பால் வாங்கி வருகிறேன், ஆளைக் காணோம். தேடிப் போனால் பழைய பணிமனையில், நிறுத்தி வைத்திருந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். "இறங்குங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "வண்டி எடுக்கற நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்கம்மா, டிக்கெட் வாங்கிட்டு உள்ள போங்க" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அவர் மரியாதை கொடுத்தார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் அழைத்துவந்தேன். மறுவாரம் இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குப் பூசி மெழுகிப் பேச வேண்டாம். முடிவு என்னவோ அதை எழுதுங்கள். வயசான அம்மாவாயிற்றே என்று ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மதியம் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஓட்டுநரின் மனைவி


ஜூன் 24

அன்புள்ள அம்மா,

கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அறுபத்தொரு பேரில் இன்று இருப்பவர்கள் நாற்பத்து நான்கு பேர். அதில் பத்தொன்பது பேருக்கு ஏதோ ஒரு காதில் பெரிய பழுது. பன்னிரண்டு பேரை நாங்கள் போன முறை கேட்காத பக்கத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறோம். கேட்கிற பக்கத்திலிருந்து இப்போது கூப்பிட்டதும், அந்தப் பன்னிரண்டில் எட்டுப் பேர் திரும்பினார்கள். எட்டில் ஐந்து பேருக்கு, வீட்டு ஆள் கூப்பிடும்போது மூளையின் அலை தனியாகத் தெரிந்தது. மூன்று பேருக்கு யார் கூப்பிட்டாலும் ஒன்றாகவே இருந்தது.

உங்கள் கணவர் அந்த மூன்று பேரில் ஒருவர். நீங்கள் கூப்பிட்டபோது எப்படித் திரும்பினாரோ, நான் கூப்பிட்டபோதும் அப்படியேதான் திரும்பினார். பதிவை மூன்று தடவை பார்த்தேன். இன்னார் என்று சொல்லாமல் இன்னொருவரையும் பார்க்கச் சொன்னேன். வித்தியாசம் இல்லை. இந்த வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்ற அறிவிப்பு அடுத்த இதழில் வருகிறது. புதிய கட்டுரை பிறகு. துறைத் தலைவர் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இனிமே உன் ஆராய்ச்சிய நீயே பாத்துக்கோ" என்றார். என் மேசையைக் கோப்பறைக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டார்கள். அமைதியான இடம்தான். இல்லத்தில் திங்கட்கிழமை முதல் மதியம் குடும்பத்தாரை விடுகிறார்கள். நிர்வாகியே தொலைபேசியில் சொன்னார்.

இறந்துபோன பதினேழு பேரைப் பற்றி என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அவர்களுக்கும் "எதிர்வினை: இல்லை" என்றுதான் எழுதியிருந்தேன். எத்தனை பேரை எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டோமோ.

உங்கள்,
டாக்டர்


ஜூலை 2

டாக்டர் பெண்ணே,

இந்தக் கடிதத்தில் உன்னை "நீ" என்றுதான் எழுதப்போகிறேன். ஒரு வரிக்காக நான்கு நாள் உட்கார்ந்த பெண்ணை "நீங்கள்" என்று தள்ளி நிறுத்த எனக்கு வரவில்லை.

படித்துவிட்டு அழுதிருப்பேன் என்று நினைத்திருப்பாய். அழுதேன். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மூச்சு. ஆனால் நீ புதுசாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. என்னை அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியும். நான் எழுதின கடிதங்களை எடுத்துப் பார், என்னை அவருக்குத் தெரியும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? அவருக்குக் கேட்கும் என்றுதான் எழுதினேன். காது கேட்கிற மனுஷரைக் கூப்பிட ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பதினேழு பேரை அறிவிப்பிலேயே எழுதிவிடு. "அளக்கவில்லை, ஆகவே தெரியாது" என்று எழுது. அவர்கள் வீட்டில் என்னைப் போல ஒருத்தி விரலை வைத்துப் படிப்பாள். அவளுக்கு அது வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று அச்சில் போட்டவர்களை நான் இருபத்தெட்டு வருஷத்தில் அதிகம் பார்த்ததில்லை. நீ ஒருத்தி இருந்துவிட்டுப் போ. மேசை எங்கே இருந்தால் என்ன?

திங்கட்கிழமையிலிருந்து பன்னிரண்டரைக்குப் போகிறேன். முதல் நாள் ஐந்து வாய். மறுநாள் முக்கால் தட்டு. வாய் ஓயாமல் பேசுகிறேன். தெருவில் குழாய் உடைந்தது, மாடி வீட்டுக்காரி மூட்டு வலி, உன் கதை எல்லாம். திரும்பிப் பார்ப்பார், மெல்லுவார், சன்னலைப் பார்ப்பார்.

நேற்று தட்டோடு போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசி நாலு மாசம் இருக்கும். "நீங்க யாரும்மா?" என்றார்.

"சாப்பாடு கொடுக்க வந்திருக்கேன்" என்றேன்.

"அதுக்கு ஏன் நின்னுட்டிருக்கீங்க? உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.

உன் நலத்தில் கண் வைத்திருக்கும்,
ஓட்டுநரின் மனைவி