உள்பக்கம் போட்ட முடிச்சு

மார்ச் 3, திங்கள்

இன்று நாத்தனாரும் நானும் ஒரே மிஷினில். அவள் ஈர விரிப்பை உள்ளே விடும் பக்கம், நான் காய்ந்து இஸ்திரியாகி வருவதை மடிக்கும் பக்கம். நடுவில் கொதிக்கிற உருளைகள். எங்கள் சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரித் துணி மட்டும்தான், அதனால் நாள் முழுக்க வெள்ளை விரிப்பு.

எங்களுக்குள் பேச்சு நின்று இருபத்திரண்டு வருஷம், நாலு மாசம். வேலை விஷயம் எல்லாம் நெட்டை வழியாகத்தான். ஒட்டடைக் கம்பு மாதிரி வளர்ந்த பெண், இரண்டு பக்கமும் ஓடி ஓடி இன்னும் இளைத்துப் போகிறாள்.

"அந்தம்மாகிட்ட சொல்லு, ஓரம் கோணலா வருது."

"அந்தம்மாகிட்ட சொல்லு, வாங்குற கை கோணல்னா வர்ற ஓரமும் கோணலாத்தான் தெரியும்."

எட்டடி தூரம். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

என் வீட்டுக்காரர் செத்துக் கிடந்த அன்று, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "இவ வேலை வேலைன்னு ஓடினா எங்கண்ணனை யாரு பாக்கிறது? கவனிக்க ஆளில்லாமத்தான் போயிட்டான்." கதவுக்கு இடது பக்கம் நின்றாள். பச்சைக் கரை போட்ட சேலை. நான் வேலைக்கு ஓடியதே அவர் மருந்துக்காக. மறக்கிற ஆளா நான்?

மார்ச் 4, செவ்வாய்

தடுப்புக் கம்பியால் இன்று சண்டை.

உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறது. கை தெரியாமல் உள்ளே போனால் கம்பி அசையும், மிஷின் நின்றுவிடும். அதற்காகத்தான் வைத்தார்கள். ஆனால் அதன் ஸ்பிரிங் தொளதொளவென்று போய் வருஷக்கணக்காகிறது. விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலே நின்றுவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றால் எப்போது முடிப்பது? அதனால் கிழிந்த துணியில் ஒரு நாடா எடுத்துக் கம்பியைக் கொஞ்சம் தூக்கி ஓரத்தில் கட்டிவிடுவேன். பிறகு மிஷின் தண்ணீர் மாதிரி ஓடும். இதைக் கண்டுபிடித்ததே நான்தான். ஆய்வுக்கு யாராவது வந்தால் சூப்பர்வைசர் வாசலிலிருந்து "போர்வை வந்திருக்கு" என்று கத்துவார், நாடாவை அவிழ்க்க அதுதான் சைகை. ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும் முடிச்சு.

நாத்தனார் மட்டும் துணி விடும் தன் முறை வந்ததும் அவிழ்ப்பாள். இன்று சூப்பர்வைசர் நிற்கும்போதே அவிழ்த்து, நாடாவை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். "நெட்டை, கேட்டுச் சொல்லு. கை போனா இந்த நாடாவை வச்சா கட்டிக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நெட்டைகூடச் சிரித்தாள். அதையும் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

எழுத வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எழுதுகிறேன். எழுதாவிட்டால் நானே எனக்கு வேறு கதை சொல்லிக்கொள்வேன் போலிருக்கிறது.

புதன் காலை டீக்கு எல்லாரும் போயிருந்தார்கள். அடுத்த முறை அவளுடையது. நான் தங்கி, கம்பியைத் தூக்கிக் கட்டினேன். எப்போதும் கட்டும் ஓரத்தில் இல்லை. இரும்பு மூடிக்குப் பின்னால், உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஆவி அடிக்கும்போது கம்பி தூக்கி இருப்பதும் தெரியாது.

வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்றா கட்டினேன்? இல்லை. சாயங்காலம் வரை ஓடட்டும், அப்புறம் எல்லாருக்கும் முன்னால் அவிழ்த்துக் காட்டி, "அந்தம்மாகிட்ட சொல்லு, நாள் பூரா கட்டிதான் ஓடிச்சு, எந்தக் கை போச்சு?" என்று கேட்பதற்காகக் கட்டினேன். அந்த வார்த்தைகளை டீ குடித்தபடி மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எந்தக் கை போச்சு. ருசியாக இருந்தது.

அவள் வந்தாள். ஓரத்தைப் பார்த்தாள், நாடா இல்லை. கம்பி வேலை செய்கிறது என்று நம்பினாள். ஒரு விரிப்பு சுருண்டது. நீவிவிடக் கையைக் கம்பி வரைக்கும் கொண்டு போனாள் — கம்பி நிறுத்திவிடும் என்ற தைரியத்தில்.

சத்தம் கேட்டது. சிவப்புப் பொத்தானை அடித்தது நெட்டை. நான் இல்லை. விரிப்பு என் பக்கம் வந்துகொண்டிருந்தது, நான் மடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். என்ன வருகிறதென்று பார்த்த பிறகும் கையை மடக்கவில்லை.

மார்ச் 8, சனி

வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது விரல் இருக்கிறது, மடங்காதாம்.

மார்ச் 10, திங்கள்

மெக்கானிக் மூடியைத் திறந்து நாடாவை எடுத்திருக்கிறார். நோட்டீஸ் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறது. இரண்டு தடவை படித்தேன். மிஷினில் நின்ற தொழிலாளியே தடுப்பைக் கட்டிவிட்டு வேலை செய்ததால் விபத்து, நிர்வாகம் பொறுப்பில்லை, விசாரணைக்குப் பிறகு நடவடிக்கை. என்ன அர்த்தம்? வேலையும் போகும், வைத்தியமும் அவள் தலையில். கூடத்தில் ஒருவர் விடாமல் கட்டியபோது, கட்டாத ஒருத்தி பெயரில் தாள் ஒட்டியிருக்கிறது.

சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரியம்மா, உங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். கேட்டா, அந்தப் பக்கம் நான் பாக்கலைன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

ஆகாது என்பதை எனக்குச் சாதகமாகச் சொல்கிறார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டினேனே!

மார்ச் 11, செவ்வாய்

மகனிடம் சொன்னேன். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வாயத் தொறக்காதம்மா. உன் வேலையும் போயிடும். அத்தைக்கு நாம ஏதாவது செய்வோம்."

"என்னடா செய்வ? விரல் வாங்கிக் குடுப்பியா?"

மருமகள் எப்போதும் ஏதாவது சொல்கிறவள். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கட்டிலில் விரித்திருந்தது நாங்கள் தேய்த்த விரிப்பு. ஓர மடிப்பைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

கையில் கட்டு, தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தாள். நெட்டை இல்லை, நர்ஸ் இல்லை, நடுவில் யாருமே இல்லை. அவள்தான் முதலில் பேசினாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர்.

"உள்பக்கம் போட்டிருக்க."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு. இல்ல?"

"யாரு கட்டினதுன்னு சூப்பர்வைசர் வந்து உன்னைக் கேட்டாராமே. தெரியாதுன்னு சொன்னியாம். ஏன் என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ இல்லேம்ப. நாலு பேரைச் சேத்துக்கிட்டு ஜெயிச்சும் காட்டுவ. கை போனது போதாதா, அதையும் பாக்கணுமா நான்?"

வாதாட வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் தெரிந்தது, அவள் சொன்னதைத்தான் செய்யப் போகிறேன் என்று. மூடிக்கொண்டேன். வாங்கிப் போன ஆரஞ்சைக்கூட வைக்காமல் திரும்பினேன். உரிக்க அவளுக்குக் கை ஏது என்று பஸ்ஸில்தான் உறைத்தது.

மார்ச் 14, வெள்ளி

ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் ஆறு தடவை சொன்னேன். தேதி சொல்லுவேன். அவர் எழுதிக் கொடுத்தார், மேலே யாரும் வாங்கித் தரவில்லை. அவசரப்படுத்தியது சூப்பர்வைசர். போர்வை என்று கத்தியது அவர். எல்லாரும் கட்டினார்கள்.

எல்லாம் சரி. அந்த முடிச்சு யாருடையது?

மார்ச் 16, ஞாயிறு

ஒவ்வொரு ஞாயிறும் அவள் என்னைச் சொன்ன வார்த்தையை நினைத்துக்கொள்வேன். பழக்கமாகிவிட்டது, பல் விளக்குவது மாதிரி. இன்று நினைக்க உட்கார்ந்தேன். வரவில்லை. வார்த்தை வந்தது, கோபம் வரவில்லை. கோபம் இல்லாமல் இந்த வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் பரணைத் துடைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

விசாரணை. ஆய்வாளர் சின்ன வயசுப் பெண், எனக்கு மகளாகும் வயசு. மிஷினுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாகப் பார்க்கலை, தெரியலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நெட்டை அழுதுகொண்டே தெரியலை என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

என் முறை. "நான்தான் கட்டினேன்" என்றேன்.

சூப்பர்வைசர், "அம்மாவுக்கு வயசாயிடுச்சு மேடம், குழப்பத்துல…" என்றார்.

"எனக்கா குழப்பம்? நீ வேலைக்குச் சேந்த அன்னிக்கு எந்தக் கலர் சட்டைன்னு சொல்லவா?"

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "எவ்வளவு நாளா கட்டுறீங்க?"

"ஸ்பிரிங் தொளதொளன்னு ஆன நாள்லேருந்து. எட்டு வருஷம். நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். அந்தம்மா கட்டினதே இல்ல. அவிழ்க்கத்தான் செய்வா." போர்வையைப் பற்றியும் சொன்னேன். ஸ்பிரிங் பற்றி ஆறு தேதியும் சொன்னேன். மெக்கானிக் தலை குனிந்தபடி, "ஆமாங்க, அத்தனை தடவையும் எழுதிக் குடுத்தேன்" என்றார்.

"அன்னைக்கு எப்படிக் கட்டுனீங்க? செஞ்சு காட்டுங்க."

ஒரு நாடாவைக் கையில் கொடுத்தாள். மிஷின் ஓடவில்லை, உருளை ஆறிக் கிடந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கை நடுங்கும், முடிச்சு வராது என்று நினைத்தேன். நடுங்கவே இல்லை. மூடிக்குப் பின்னால் போய், தூக்கி, சுற்றி, இழுத்து — பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. என் கை அவ்வளவு அழகாக வேலை செய்ததை அவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சொன்னதற்குக்கூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

"உள்பக்கம் எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு."

எழுதிக்கொண்டாள். அதை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

மார்ச் 20, வியாழன்

என்னை ஒரு மாசம் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பேத்தி, "லீவா பாட்டி?" என்று குதித்தாள். லீவுதான் என்றேன். அதுவும் ஒரு பொய்.

ஏப்ரல் 9, புதன்

நெட்டை வந்து சொன்னாள். சூப்பர்வைசரை மாற்றிவிட்டார்கள். புது ஸ்பிரிங். கம்பியின் இரண்டு முனையையும் வலைத் தகட்டால் மூடி ஆணி அடித்தாயிற்று, நாடா என்ன, நூல்கூட நுழையாது. தினமும் காலையில் ஒருத்தி கம்பியைத் தொட்டு, மிஷின் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை. நாத்தனாருக்கு வைத்தியமும் நஷ்டஈடும் நிர்வாகமே தரவேண்டும் என்று எழுத்தில் வந்துவிட்டது.

"என்னப் பத்தி என்ன பேசுறாங்க?"

நெட்டை டீயை ஊதினாள். "அத விடுங்க பெரியம்மா."

ஏப்ரல் 21, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். மிஷின் பக்கம் போகக்கூடாது. பின்கட்டில் அழுக்குத் துணி பிரிக்கும் அறை. ரத்தம் பட்டது ஒரு தொட்டி, படாதது ஒரு தொட்டி. யாரும் விரும்பி வராத இடம். எனக்குச் சரியான இடம்.

ஜூன் 23, திங்கள்

நாத்தனார் இன்று வேலைக்கு வந்திருக்கிறாள். தலையணை உறை எண்ணிக் கட்டும் மேஜை கொடுத்திருக்கிறார்கள்.

மணி அடிப்பதற்கு முன்னால் என் அறை வாசலில் வந்து நின்றாள். நான் எழுந்தேன். உட்காரச் சொல்ல அங்கே நாற்காலி கிடையாது.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத" என்றாள்.

"நினைக்கல."

"அங்க எல்லாம் சின்னப் பொண்ணுங்க. ஐயோ பாவம்னு பாக்குதுங்க." வேலைக் கோட்டின் முன்பக்கம் திறந்து கிடந்தது. "நீ அப்படிப் பாக்க மாட்ட. பட்டன போடு."

கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, துடைத்துவிட்டு வந்தேன். நாலு பட்டன். அன்று பத்து எண்ணுவதற்குள் முடிச்சுப் போட்ட கைக்கு இன்று பட்டன் வரவில்லை. இரண்டாவது பட்டன் இரண்டு தடவை நழுவியது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று போட்டேன். கடைசிப் பட்டனுக்குக் குனிந்தபோது கோட்டின் ஓரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இடது கையால், வெகுநேரம் பிடித்தது, தானே போட்டுக்கொண்டாள். போட்டு முடிக்கும்வரை நான் நின்றேன். அவளும் போகவில்லை.